ராஜினாமா எழுதி வாங்கிவிட்டால் வேலை முடிந்ததா? போதை ஊசிக்குப் பழகிப்போன செவிலியர்கள் குறித்து

தாமரைக்குளம் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். தென் மாவட்டம் ஒன்றில், தனியார் மருத்துவமனையின் அறுவைச் சிகிச்சை வார்டில் இன்சார்ஜ் சிஸ்டராக இருக்கிறேன். பணிக்கு வந்து 17 ஆண்டுகள் ஆகின்றன. நான்கு மாதங்களாக மனத்தை அரித்துக்கொண்டிருக்கும் ஒன்றை இங்கே எழுதுகிறேன். யாரும் அடையாளம் தெரிந்துவிடக் கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

எங்கள் வார்டில், இரவு டியூட்டியைத் தானாகவே கேட்டு வாங்கிக்கொள்ளும் ஒரு பெண் இருந்தாள். வயது இருபத்தாறு. நரம்பே அகப்படாத நோயாளிக்கும் ஒரே குத்தில் ஐவி போட்டுவிடுவாள். யாராவது லீவு கேட்டால், "நான் பாத்துக்கிறேன் அக்கா" என்று முதலில் வந்து நிற்பவளும் அவள்தான். இப்படி ஒரு பிள்ளை கிடைத்தாளே என்று நான் மகிழ்ந்துகொண்டிருந்தேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஒரு நாள் காலை, குடல் அறுவை முடிந்து இரண்டாம் நாளில் இருந்த ஒரு தாத்தா என் கையைப் பிடித்துக்கொண்டார். "ராத்திரி ரெண்டு தடவை வலி ஊசி போட்டாங்க தாயி. போடலைன்னு சொல்லல. ஆனா பச்சைத் தண்ணியப் போட்ட மாதிரி இருந்துச்சு" என்றார். வயதானவர், மயக்க மருந்தின் குழப்பம் இன்னும் தெளியவில்லை என்று நினைத்துக் கடந்துவிட்டேன். அடுத்த வாரம் வேறொரு பெண்மணி ஏறக்குறைய இதையே சொன்னபோதுதான் போதைத்தன்மையுள்ள மருந்துகளின் கணக்கை எழுதும் டிடிஏ ரிஜிஸ்டரை எடுத்துப் பின்னோக்கிப் புரட்டினேன். அவள் டியூட்டியில் இருந்த இரவுகளில் ஃபோர்ட்வின் என்ற வலி ஊசியின் செலவு மற்ற இரவுகளைவிடத் தெளிவாகக் கூடுதலாக இருந்தது. "ஆம்பூல் உடைந்தது", அதாவது மருந்துக் குப்பி உடைந்தது என்ற குறிப்பு மூன்று வாரங்களில் ஐந்து முறை வந்திருந்தது. ஐந்துக்கும் சாட்சிக் கையெழுத்து இருந்தது. அவற்றில் இரண்டு என்னுடையவை. உடைந்த ஆம்பூலை நான் கண்ணால் பார்க்கவே இல்லை.

நிர்வாகம் இதை அரை மணி நேரத்தில் முடித்துவிட்டது. அவளை அறைக்குள் அழைத்து ராஜினாமாக் கடிதம் எழுதி வாங்கினார்கள்; அனுபவச் சான்றிதழும் கொடுத்தார்கள். கல்யாணம் ஆக வேண்டிய பெண், பெயர் கெட்டுவிடக் கூடாது என்றார்கள். எனக்கும் அப்போது அது கருணையாகவே பட்டது. இப்போது அவள் அதே ஊரில் இன்னொரு மருத்துவமனையின் ஐசியுவில் வேலை பார்ப்பதாகக் கேள்விப்படுகிறேன்.

நாங்கள் அவளுக்கு உதவினோமா, அல்லது அடுத்த ஐசியுவின் தலையில் கட்டிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டோமா? இதில் அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மீட்பு வார்டு

சிஸ்டர், போதை மீட்புப் பிரிவில் செவிலியராக 11 ஆண்டுகள் பணியாற்றியவள் என்ற முறையில் எழுதுகிறேன். எங்கள் வார்டுக்கு வந்த மருத்துவமனை ஊழியர்களில் யாருமே 'போதைக்காக' என்று முதல் ஊசியைப் போட்டுக்கொண்டதாகச் சொன்னதில்லை. நோயாளிகளைத் தூக்கித் தூக்கி வந்த முதுகுவலி, தொடர்ந்து ஏழு இரவு டியூட்டி பார்த்த பிறகு பகலில் வராத தூக்கம், ஒற்றைத் தலைவலி என்றுதான் எல்லாக் கதையும் தொடங்குகிறது. பக்கத்தில் மருந்து இருக்கிறது, போடத் தெரிந்த கை இருக்கிறது, அளவும் தெரியும். 'எனக்குத் தெரியாததா' என்ற அந்த நம்பிக்கைதான் மற்றவர்களைவிட நம்மை இன்னும் எளிதாகக் குழியில் தள்ளுகிறது.

ஃபோர்ட்வின், அதாவது பென்டசோசின், தசையில் தொடர்ந்து போடப்பட்டால் அந்த இடமே காட்டிக் கொடுத்துவிடும். தொடையிலும் புஜத்திலும் தோல் கறுத்து, உள்ளே மரக்கட்டைபோல் இறுகி, பிறகு ஆறாத புண்ணாகும். சிலர் அவில் என்ற ஒவ்வாமை மருந்தையும் உடன் கலந்து போட்டுக்கொள்வார்கள். சித்திரை வெயிலிலும் முழுக்கை ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு டியூட்டிக்கு வருபவரைப் பற்றி ஒரு கணம் யோசித்துப் பாருங்கள்.

மருந்து உடலில் இருக்கும் நேரத்தைவிட இறங்கும் நேரத்தைக் கவனிப்பது எளிது. ஓயாத கொட்டாவி, சளி இல்லாமலே மூக்கொழுகுதல், கண்ணில் நீர், புல்லரிப்பு, வியர்வை, வயிற்றுப் பிசைவு ஆகியவை சேர்ந்து வரும். பிறகு பத்து நிமிடம் ஆளைக் காணோம், கழிவறையிலிருந்து திரும்பும்போது முகம் தெளிந்து பேச்சு கலகலப்பாகிவிடும். இந்த ஏற்ற இறக்கம் ஒரே டியூட்டிக்குள் இரண்டு முறை நடந்தால் எனக்குச் சந்தேகம் வரும். ஆனால் இவற்றில் எதுவுமே தனியாகச் சாட்சி ஆகாது. தைராய்டு, மனச்சோர்வு, வீட்டுச் சண்டை, கைக்குழந்தையால் கெட்ட தூக்கம் எல்லாவற்றுக்கும் இதில் பாதி அறிகுறிகள் உண்டு. அதனால் வார்டில் கிசுகிசுக்காமல், தேதியும் நேரமும் போட்டுப் பார்த்ததை மட்டும் எழுதி வையுங்கள்.

உங்கள் பதிவில் என்னை உலுக்கியது அந்த அரை மணி நேரம்தான். மாட்டிக்கொண்ட பிறகு வரும் முதல் சில மணி நேரங்களும் நாள்களும்தான் உயிருக்கு மிகவும் ஆபத்தான காலம். வேலை போயிற்று, மானம் போயிற்று, வீட்டில் என்ன சொல்வது என்ற நிலையில் இருக்கும் ஒருவருக்கு எந்த மருந்தை எவ்வளவு ஏற்றினால் என்ன ஆகும் என்பதும் தெரியும். கடிதத்தை வாங்கிக்கொண்டு அவளை விடுதி அறைக்குத் தனியாக அனுப்பினார்களா? அனுப்பியிருந்தால், அவள் இன்று உயிரோடு இருப்பது நம் சாமர்த்தியத்தால் அல்ல.

செய்திருக்க வேண்டிய முறை வேறு. அந்த டியூட்டியிலேயே நோயாளிகளின் பொறுப்பிலிருந்து அவளை விடுவித்து, கதவு மூடிய அறையில் இரண்டு பேர் உட்கார்ந்து பேச வேண்டும். அந்த இருவரில் ஒருவராவது அவள் மதிக்கும் ஆளாக இருக்க வேண்டும். "நீ ஊசி போட்டுக்கிறியா?" என்று கேட்டால் "இல்லை" என்றுதான் பதில் வரும். "இந்தத் தேதி, இந்த நோயாளி, இந்த ஆம்பூல், கணக்கு இடிக்கிறது, உன் உடம்பைப் பற்றி எனக்குக் கவலையாக இருக்கிறது, இப்போதே டாக்டரிடம் போவோம், நானும் வருகிறேன்" என்று சொல்ல வேண்டும். வண்டிச் சாவியை வாங்கி வைத்துக்கொண்டு கூடவே போக வேண்டும்.

ஒரு நோயாளியின் மகன்

நான் மருத்துவத் துறையைச் சேர்ந்தவன் அல்லன். அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்து மூன்று வாரம் மருத்துவமனையில் கிடந்தபோது, இரவில் அவர் அழுததைக் கேட்டுக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்தவன். இந்த இழையைப் படிக்கும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது. அந்தப் பெண்ணின் கல்யாணம், பெயர், மனநிலை எல்லாவற்றையும் பற்றிப் பேசுகிறீர்கள். வயிற்றைக் கிழித்துத் தைத்த தாத்தாவின் உடம்பில் மருந்துக்குப் பதிலாக என்ன ஏறியது என்று ஒருவராவது கேட்டீர்களா? வங்கிக் காசாளர் பணத்தை எடுத்தால் 'பாவம், நோய்' என்று சொல்வோமா? நோயாளியின் வலி நிவாரணத்தைத் திருடுவது அதைவிடக் கேவலம் அல்லவா?

தாமரைக்குளம்

ஐயா, நீங்கள் கேட்பது நியாயம். தாத்தாவிடம் நாங்கள் யாரும் எதுவும் சொல்லவில்லை. அவர் வீட்டுக்குப் போகும் நாளில் எனக்கும் அந்தப் பெண்ணுக்கும் சேர்த்தே வாழைப்பழச் சீப்பு ஒன்று கொடுத்துவிட்டுப் போனார். அதை எழுதாமல் விட்டதே என் முதல் பதிவின் குறை.

அறுபது படுக்கை

சிறிய மருத்துவமனை ஒன்றின் நிர்வாகப் பொறுப்பில் இருப்பவன். எங்கள் தரப்பையும் யாராவது சொல்லியாக வேண்டும். எங்களிடம் மனநல மருத்துவர் வாரம் ஒரு முறை வந்து போகிறார். சட்ட ஆலோசகர் என்று தனியாக யாரும் இல்லை. அங்கீகாரம் பெற்று மார்ஃபின் வைத்திருக்கும் இடத்தில் கணக்கு இடிக்கிறது என்று எழுத்தில் வந்துவிட்டால் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை வரும், காவல் துறை வரும், செய்தித்தாளும் வரும். அடுத்த மாதம் நோயாளிகள் வரமாட்டார்கள். 'சத்தம் இல்லாமல் அனுப்பு' என்பது கருணையால் எடுக்கும் முடிவு அல்ல, பயத்தால் எடுக்கும் முடிவு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பயத்துக்குக் காரணமே இல்லை என்று சொல்லிவிடாதீர்கள். காவல் துறைக்குப் போகாமலும், கண்ணை மூடிக்கொள்ளாமலும் இருக்க நடுவில் ஒரு வழி இருந்தால், அதை யாராவது தெளிவாகச் சொல்லுங்கள்.

டல்லாஸ் நர்ஸ்

சத்தமில்லாமல் அனுப்பினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் நீதிமன்றம் வரை போன ஒரு வழக்கு இருக்கிறது. நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் எக்சிட்டர் மருத்துவமனையில், இதய ஊடுகுழாய்ப் பிரிவில் வேலை பார்த்த ஒரு டெக்னீஷியன் சம்பந்தப்பட்டது. அவர் செவிலியர் அல்லர். நோயாளிகளுக்காக எடுத்து வைத்த ஃபென்டனில் என்ற வலி மருந்துள்ள சிரிஞ்சை எடுத்துத் தனக்குப் போட்டுக்கொண்டு, அதே சிரிஞ்சில் சலைனை நிரப்பித் திருப்பி வைத்துவிடுவார். அவருக்கு ஹெபடைட்டிஸ் சி என்ற கல்லீரல் தொற்று இருந்தது. 2012-இல் வெளியே வந்தபோது பல மாநிலங்களில் நாற்பதுக்கும் மேற்பட்ட நோயாளிகளுக்கு அது தொற்றியிருந்தது. அதற்கு முன்பே 2010-இல், அரிசோனாவில் ஒரு மருத்துவமனையின் கழிவறையில் மயங்கிக் கிடந்து பிடிபட்டவர் அவர். அங்கே வேலையை விட்டு நீக்கினார்கள். அவர் அடுத்த மாநிலத்துக்குப் போய் மறுபடி வேலைக்குச் சேர்ந்தார். 2013-இல் 39 ஆண்டு சிறைத்தண்டனை கிடைத்தது. நீக்கிய ஒவ்வொரு இடமும் தன் அளவில் பிரச்சினையைத் தீர்த்துவிட்டதாகத்தான் நினைத்திருக்கும்.

நோயாளியின் மகனாக எழுதிய அண்ணனுக்கும் இதுவே என் பதில். நோயாளியைக் காப்பாற்ற வேண்டும் என்றால், அந்த நர்ஸ் எங்கே இருக்கிறார், மருந்து அலமாரியின் சாவி அவர் கையில் இருக்கிறதா என்பது யாருக்காவது தெரிந்திருக்க வேண்டும். வேலையை விட்டு அனுப்பினால் அது யாருக்கும் தெரியாமல் போய்விடுகிறது.

இங்கே தண்டனைக்கு மாற்றாக ஓர் ஏற்பாடு இருக்கிறது. 1983-இல் ஃபுளோரிடா இதைச் சட்டமாகவே கொண்டுவந்தது. நான் இருக்கும் டெக்சாஸில் 1987 முதல் நடக்கிறது. பழக்கத்தில் சிக்கிய நர்ஸ் தானாகவோ, மேலாளர் மூலமாகவோ இதில் சேரலாம். சேர்ந்தால் சிகிச்சை கட்டாயம். எந்த நாள் என்று முன்கூட்டித் தெரியாதபடி அழைத்துச் சிறுநீர்ப் பரிசோதனை செய்வார்கள். வேலைக்குத் திரும்பும்போது முதல் சில மாதங்கள் போதைத்தன்மையுள்ள மருந்துகளைத் தொட அனுமதி கிடையாது. இரவு டியூட்டி, கூடுதல் நேரம் இரண்டுமே இராது. இந்தக் கண்காணிப்பு ஆண்டுக்கணக்கில் நடக்கும். நோயாளிக்குத் தீங்கு நேர்ந்திருந்தால் கதை வேறு. அது நேராக நர்சிங் வாரியத்துக்குப் போகும்.

இதைச் சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. பரிசோதனைச் செலவு பெரும்பாலும் நர்ஸின் சொந்தக் காசுதான். வேலை இல்லாத நேரத்தில் அந்தக் காசைக் கட்ட முடியாமல் விலகிப் போனவர்கள் உண்டு. என் யூனிட்டில் இப்படித் திரும்பி வந்த ஒரு நர்ஸுக்காக ஓராண்டு முழுவதும் நாங்கள் மாறி மாறி மார்ஃபின் எடுத்துக் கொடுத்தோம். பதிலுக்கு அவள் எங்கள் நோயாளிகளின் கட்டுகளை மாற்றினாள். முதல் மாதம் எல்லோரும் முணுமுணுத்தோம். பிறகு அது பழகிப்போயிற்று.

மாத்திரை டப்பா

மருந்தாளுநர். ரிஜிஸ்டரைப் பற்றி மட்டும் கொஞ்சம் பேசுகிறேன்.

1930-ஆம் ஆண்டின் அபாயகர மருந்துச் சட்டம் (டிடிஏ) போய் 1985-இல் என்டிபிஎஸ் எனப்படும் புதிய போதைப்பொருள் சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் நம் வார்டுகளில் அந்த அலமாரிக்கு இன்னும் 'டிடிஏ' என்றுதான் பெயர். பெயரைப் போலவே பழக்கங்களும் மாறவில்லை. சாவி இன்சார்ஜ் மேசையின் இழுப்பறையில் கிடக்கும். சாட்சிக் கையெழுத்தை, டியூட்டி மாறி ஓவர் கொடுக்கும் நேரத்தில் மொத்தமாகப் போடுவார்கள். மீதமான மருந்தைச் சிங்க்கில் ஊற்றியதாக எழுதுவார்கள். ஊற்றியதைப் பார்த்தவர் ஒருவரும் இருக்க மாட்டார். சாட்சி என்றால் பார்த்தவர் என்று பொருள். தாமரைக்குளம் சிஸ்டர் தன் இரண்டு கையெழுத்துகளைப் பற்றி ஒளிக்காமல் எழுதியதற்கு என் மரியாதை. இதைப் படிக்கும் பலர் அந்த இடத்தில் தங்கள் கையெழுத்தையும் பார்த்திருப்பார்கள்.

காலி ஆம்பூலை எண்ணி வாங்காமல் புதிய ஆம்பூல் கொடுக்காத மருந்தகம் இருந்தாலே பாதி அடைபட்டுவிடும். மறுபாதிக்கு மாதம் ஒரு முறை ஒரு கணக்குப் பார்க்க வேண்டும். யார் எடுத்தார்கள், எவ்வளவு எடுத்தார்கள் என்பதோடு, எடுத்த பிறகு அந்த நோயாளியின் வலி எண் குறைந்ததா என்றும் ஒப்பிட வேண்டும். பத்துக்கு எட்டு என்றிருந்த வலி, ஒருவர் டியூட்டியில் மட்டும் ஊசிக்குப் பிறகும் எட்டாகவே நிற்கிறது என்றால், அந்தத் தாத்தா சொன்னதைத்தான் அந்தத் தாளும் சொல்கிறது. ஆனால் எச்சரிக்கை வேண்டும். கடுமையான நோயாளிகளை எப்போதும் திறமையான நர்ஸிடம்தான் கொடுப்போம். அவர் கணக்கில் மருந்து கூடுதலாகத்தான் இருக்கும். எண் கூடுதலாக இருப்பதாலேயே ஒருவரைச் சந்தேகித்து அவமானப்படுத்திய சம்பவத்தை நான் பார்த்திருக்கிறேன். அந்தச் சிஸ்டர் அதன்பின் யாருக்கும் வலி ஊசியே போடுவதில்லை, நோயாளிதான் துடித்தார்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. 1985-க்குப் பிறகு கட்டுப்பாடுகளுக்குப் பயந்து மருத்துவமனைகள் மார்ஃபின் வைப்பதையே கைவிட்டு, புற்றுநோயாளிகள் வலியில் கிடந்த காலம் ஒன்று இருந்தது. அதைச் சரிசெய்யத்தான் 2014-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். பூட்டைக் கெட்டியாக்கப் போய் மறுபடி அந்த இடத்துக்கே போய்விடக் கூடாது.

இரவுப்பணி

மூன்று நாள்களாக இந்த இழையைப் படித்துவிட்டு எழுதாமல் போய்க்கொண்டிருந்தேன். நான் ஆண் செவிலியர். இப்போது பழக்கத்தை விட்டு நான்கு ஆண்டுகள் ஆகின்றன.

2015-இல் நூறு கிலோவைத் தாண்டிய ஒரு நோயாளியைத் தனியாகப் புரட்டியதில் இடுப்பு பிடித்துக்கொண்டது. விடுப்பு எடுத்தால் சம்பளம் இல்லை. கூட வேலை பார்த்தவனே டிரமடால் என்ற வலி ஊசி ஒன்றைப் போட்டுவிட்டான். வலி போனது மட்டுமல்ல, எட்டு மாதமாக நெஞ்சில் இருந்த ஒரு பாரமும் சேர்ந்து போனது. அதைத்தான் நான் மறுநாளும் தேடினேன். ஒன்று இரண்டானது, இரண்டு நாலானது. 2018 ஏப்ரலில் டிரமடால் என்டிபிஎஸ் சட்டத்துக்குள் வந்து, எங்கள் வார்டிலும் அது பூட்டிய அலமாரிக்குள் போனது. நான் நிறுத்தவில்லை. அன்றைய டியூட்டியில் சாவி யாரிடம் என்று பார்த்துவிட்டு வேலைக்குப் போகிறவன் ஆனேன்.

நோயாளியின் மகனாக எழுதிய ஐயாவுக்கு: நான் நோயாளியின் மருந்தை எடுத்திருக்கிறேன். முழுவதையும் அல்ல, பாதியை. பாதி கொடுத்தால் போதும் என்று எனக்கு நானே கணக்குச் சொல்லிக்கொண்டேன். அந்தப் படுக்கை எண்கள் இன்னும் நினைவில் இருக்கின்றன. 'நோய்' என்ற சொல்லை வைத்து அதை நான் கழுவிக்கொள்ளப் பார்க்கவில்லை. ஆனால் அது நோய் என்று ஒருவர் சொன்ன பிறகுதான் என்னால் அதை வாய்விட்டு ஒப்புக்கொள்ளவே முடிந்தது.

நான் பிடிபட்டது ரிஜிஸ்டரால் அல்ல. டிரமடால் அளவு மீறினால் வலிப்பு வரும். டியூட்டி ரூமில் வந்தது. கண் விழித்தபோது நர்சிங் சூப்பிரண்டு அம்மா பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். ரத்தம் கட்டியிருந்த என் நாக்கைத் துடைத்துவிட்டு, "வீட்டுக்கு யாருக்குச் சொல்லணும்?" என்று மட்டும் கேட்டார். அந்த வாரமே சென்னையில் ஒரு மீட்பு மையத்தில் சேர்த்துவிட்டார்கள். மருத்துவ விடுப்பு என்று எழுதினார்கள். ஒரு மாதம் உள்ளே இருந்தேன். திரும்பி வந்ததும் டயாலிசிஸ் பிரிவில் போட்டார்கள். அங்கே எடுக்க எனக்கு எதுவும் இல்லை. ஓராண்டு சாவி கொடுக்கவில்லை. வாரம் ஒரு முறை சூப்பிரண்டு அம்மா அறையில் உட்கார்ந்து பத்து நிமிடம் பேச வேண்டும். அது விசாரணையாகவும் இருக்கும், அம்மா பேசுவது போலவும் இருக்கும்.

ஏழாம் மாதத்தில் ஒரு முறை வழுக்கினேன். அதை நானே போய்ச் சொன்னேன். சொன்னால் வேலை போகாது என்று தெரிந்திருந்ததால்தான் சொன்னேன். போகும் என்று தெரிந்திருந்தால் மறைத்திருப்பேன், பழைய அளவையே ஏற்றியிருப்பேன். சிகிச்சைக்குப் பிறகு உடம்புக்குத் தாங்கும் சக்தி குறைந்துபோயிருக்கும் என்பதும், பழைய அளவே உயிரைக் குடித்துவிடும் என்பதும் மீட்பு வார்டில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும்.

கறுப்பு அங்கி

வழக்கறிஞர். அறுபது படுக்கை நண்பர் கேட்ட நடு வழி குறித்துச் சட்டம் சொல்வதைச் சுருக்கமாகத் தருகிறேன். இதைப் பொதுவான விளக்கமாகக் கொள்ளுங்கள். உங்கள் விஷயத்துக்கு ஆவணங்களோடு ஒரு வழக்கறிஞரை நேரில் பாருங்கள்.

போதைப்பொருள் உட்கொள்வது 1985-ஆம் ஆண்டு என்டிபிஎஸ் சட்டத்தின் 27-ஆம் பிரிவின் கீழ் குற்றம். மார்ஃபின் போன்றவற்றுக்கு ஓராண்டு வரையிலும், மற்றவற்றுக்கு ஆறு மாதம் வரையிலும் சிறைத்தண்டனை உண்டு. அதே சட்டத்தில் 64ஏ என்ற பிரிவும் இருக்கிறது. பழக்கத்துக்கு அடிமையான ஒருவர், உட்கொண்ட குற்றத்துக்காகவோ 'சிறிய அளவு' தொடர்பான குற்றத்துக்காகவோ வழக்கைச் சந்திக்கும்போது, அரசு நடத்தும் அல்லது அரசு அங்கீகரித்த நிலையத்தில் தாமாக முன்வந்து சிகிச்சை பெற்றால் அந்த வழக்கிலிருந்து விலக்குப் பெறலாம். சிகிச்சையைப் பாதியில் விட்டால் விலக்கையும் திரும்பப் பெறலாம். ஆகவே 'சிகிச்சைக்குப் போனால் மாட்டிக்கொள்வோம்' என்ற அச்சம் சட்டத்தின் நோக்கத்துக்கே நேர்மாறானது.

இரண்டு எச்சரிக்கைகள் உள்ளன. முதலாவது, ஆம்பூலில் சில மில்லிகிராம்தானே இருக்கிறது, எப்படியும் அது சிறிய அளவுதான் என்று நீங்களாகக் கணக்குப் போட வேண்டாம். கலவையின் மொத்த எடையையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. இரண்டாவது, மருத்துவமனையின் மருந்தை எடுத்ததும், கணக்கைத் திருத்தியதும் தனிக் குற்றங்கள். 64ஏ அவற்றுக்குக் குடை பிடிக்காது. ஆவணத்தைத் திருத்தி மூடி மறைக்கும் நிர்வாகமும் பாதுகாப்பாக இல்லை. மருந்து குறைந்ததை உள்ளபடி பதிவு செய்வதும், ஊழியரைச் சிகிச்சைக்கு அனுப்புவதும் ஒன்றுக்கொன்று முரண் அல்ல.

2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மது மற்றும் போதைப்பொருளால் ஏற்படும் மனநிலைப் பாதிப்புகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் கொண்டுவந்திருக்கிறது. சிகிச்சை விவரங்கள் இரகசியமாகக் காக்கப்பட வேண்டும் என்ற உரிமையும் அதில் உண்டு. வார்டு வாட்சப் குழுவில் ஒருவரின் சிகிச்சையைப் பற்றி எழுதுகிறவர்கள் அதைத் தெரிந்துகொள்வது நல்லது.

ஒரு நோயாளியின் மகன்

இரவுப்பணி எழுதியதை இரண்டு முறை படித்தேன். சமாதானம் ஆகிவிட்டேன் என்று பொய் சொல்ல மாட்டேன். அந்தப் படுக்கை எண்கள் அவர் நினைவில் இருப்பதே நல்லது. டல்லாஸ் நர்ஸ் சொன்னதில் ஒரு சந்தேகம். அந்தத் தாத்தாவுக்குப் போட்டது அவளே பயன்படுத்திய சிரிஞ்சாக இருந்திருந்தால்?

மீட்பு வார்டு

சரியான கேள்வி, அவசரமான கேள்வியும்கூட. அந்தப் பெண்ணுக்கு ஹெபடைட்டிஸ் பி, சி, எச்ஐவி மூன்றுக்கும் பரிசோதனை செய்ய வேண்டும். சிகிச்சைக்கு வரும் எல்லாருக்கும் இதைச் செய்வோம். ஏதாவது இருந்தால், அவள் கையால் ஊசி வாங்கிய நோயாளிகளைக் கூப்பிட்டுச் சோதிக்காமல் இருக்க முடியாது. ஹெபடைட்டிஸ் சி-யை இன்று பெரும்பாலும் மூன்று மாத மாத்திரையிலேயே குணப்படுத்திவிடலாம்; ஆனால் இருப்பது தெரிந்தால்தான் மாத்திரை கொடுக்க முடியும். தாமரைக்குளம் சிஸ்டர், அவளைத் தொடர்புகொள்ள முடிந்தால் இன்றே பேசுங்கள். யாரிடம் போவது என்று தெரியாவிட்டால் 14446 என்பது போதை மீட்புக்கான தேசிய இலவச எண். 14416-இல், அரசின் மனநலத் தொலைபேசிச் சேவையான டெலி மானஸின் ஆலோசகர்கள் தமிழிலேயே பேசுவார்கள். சென்னை வர முடியுமானால், இந்திரா நகரில் இதற்காகவே நடக்கும் டி.டி.கே. மருத்துவமனை இருக்கிறது. ஒன்று மட்டும் சொல்லுங்கள்: தூக்க மாத்திரையோ மதுவோ பழக்கத்தில் இருந்தால் தானாகத் திடீரென்று நிறுத்தக் கூடாது, வலிப்பு வரும். டாக்டர் மேற்பார்வையில்தான் குறைக்க வேண்டும்.

தாமரைக்குளம்

ஒரு வாரம் கழித்து எழுதுகிறேன். மன்னிக்கவும்.

மூன்றாவது முறை அழைத்தபோதுதான் எடுத்தாள். திட்டப்போகிறேன் என்று நினைத்திருக்கிறாள். ஞாயிறன்று அவள் தங்கியிருக்கும் விடுதிக்குப் போனேன். முழுக்கை ஸ்வெட்டர் போட்டிருந்தாள். பேசிக்கொண்டிருந்த அரை மணி நேரத்தில் எத்தனை கொட்டாவி என்று எண்ணாமல் இருக்க என்னால் முடியவில்லை. கடைசியில் கையை மடித்துக் காட்டினாள். 17 ஆண்டில் எவ்வளவோ புண்களுக்குக் கட்டுப் போட்டிருக்கிறேன். அதைப் பார்த்ததும் என் கை நடுங்கியது.

"நீங்க ரிஜிஸ்டரைப் பொரட்டினீங்கன்னு தெரிஞ்சப்போ எனக்கு நிம்மதியா இருந்துச்சு அக்கா. இனிமே யாராவது பாத்துப்பாங்கன்னு நெனச்சேன். அப்புறம் லெட்டர் எழுதச் சொல்லிட்டாங்க" என்றாள்.

அன்றிரவு டியூட்டிக்குப் போகக் கூடாது என்றேன். அங்கே அவளுடைய இன்சார்ஜிடம் அவளே சொல்ல வேண்டும், புதன்கிழமைக்குள் சொல்லாவிட்டால் நான் சொல்வேன் என்றும் சொன்னேன். அதற்காக என்மேல் கோபப்பட்டாள். செவ்வாய் இரவு சொல்லிவிட்டாள். வியாழன் காலை இருவரும் பேருந்தில் போய் மனநல மருத்துவரைப் பார்த்தோம். ரத்தம் எடுத்திருக்கிறார்கள், முடிவு வரவில்லை. வீட்டில் அக்காவுக்கு மட்டும் தெரியும். உள்நோயாளியாகச் சேர்வதற்கு அக்கா ஊரிலிருந்து வர வேண்டும்.

எங்கள் நிர்வாகத்திடம், மாதக் கணக்கை மருந்தாளுநரும் நானும் சேர்ந்து பார்க்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். சாவி என் இடுப்பில் இருக்கிறது. சாட்சிக் கையெழுத்துக்கு என்னைக் கூப்பிட்டால் போய்ப் பார்த்துவிட்டுப் போடுகிறேன். "அக்கா ரொம்ப மாறிட்டாங்க" என்று வார்டில் பேச்சு.

தாத்தாவின் கேஸ் ஷீட்டை எடுத்து வைத்திருக்கிறேன். அதில் அவர் மகளின் எண் இருக்கிறது. பரிசோதனை முடிவு எப்படி வந்தாலும் அவரிடம் சொல்லிவிட வேண்டும் என்று மேலே பேசியிருக்கிறேன், இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. ஒப்புக்கொண்டால், அந்த வீட்டுக்கு என்ன சொல்லித் தொடங்குவது என்று இங்கே யாருக்காவது தெரிந்தால் எழுதுங்கள்.